சம்பளத்துக்குப் பதில் காப்புறுதி அட்டை: வாங்கலாமா?

பெரியகல்லாற்றில் இருந்து ஒரு மகள் நீளமாக எழுதிக் கேட்டிருந்தார். சுருக்கிச் சொல்கிறேன். கல்முனையில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் கடை. இந்த வருடம் சம்பளம் கூட்டக் கேட்டதற்கு முதலாளி, "இப்ப கூட்ட ஏலாது, எல்லாருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் போட்டுத் தாறன், சம்பளத்த மறுகா பார்ப்பம்" என்று சொல்லிவிட்டார். காப்புறுதிக்குப் பதிலாக இந்த வருடச் சம்பள உயர்வு வேண்டாம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார். கணவர் மேசன், ஜனவரியில் டெங்கு வந்து பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம், மாதம் ஒரு முறை கிளினிக். அட்டையை வாங்குவதா, மறுப்பதா, வேறு கடை தேடுவதா என்பதுதான் கேள்வி. சம்பளச் சிட்டையைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தார். அந்தப் படம் இல்லாவிட்டால் நானும் பொதுவாக ஏதோ சொல்லியிருப்பேன்.

மகள், முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அட்டையை வாங்குங்கள். கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வேறு கடை தேடுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். காரணம் எல்லாம் அந்தச் சிட்டையில்தான் இருக்கிறது.

இருபத்தாறு வருடம் தனியார் நிறுவனங்களில் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். நீங்கள் அனுப்பிய சிட்டையைப் போல ஆயிரக்கணக்கில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதனால் அதில் எந்த வரி எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். அடிப்படைச் சம்பளம் 20,000. வருகைப் படி 8,000. ஊக்குவிப்புப் படி 8,000. மொத்தம் 36,000, மேலதிக நேரம் வேறாக. ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்) கழிவு 1,600. அதாவது 20,000 ரூபாவின் 8 வீதம். மேலதிக நேரத்துக்கு மணிக்கு 125 ரூபா. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வருகைப் படியில் பாதி போய்விடும், இரண்டு நாள் போகாவிட்டால் முழுவதும் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள்.

இப்படிப் பிரித்து எழுதுவது எங்கள் பக்கத்தில் மட்டும் நடப்பதல்ல, நாடு முழுவதும் நடப்பதுதான். 2005இல் தனியார் துறைக்கு 1,000 ரூபா வரவு செலவு நிவாரணப் படி கொடுக்கச் சட்டம் வந்தது. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஏற்கெனவே கொடுத்துவந்த விசேட படியில் 1,000 ரூபாவைக் குறைத்து அதையே நிவாரணப் படி என்று தனி வரியில் எழுதச் சொன்னார். எழுதினேன். மொத்தத்தில் ஒரு சதமும் கூடவில்லை. சம்பளம் வாங்கியவர்களில் இரண்டு பேர் மட்டும் வந்து கேட்டார்கள். மற்றவர்கள் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுச் சிட்டையை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்கள். அந்த எழுத்துக்கு இன்றும் எனக்குக் கூச்சம் இருக்கிறது. இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து சிட்டை பார்த்துச் சொல்வது ஓரளவுக்கு அதனால்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2016இல்தான் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான தேசிய ஆகக் குறைந்த சம்பளம் வந்தது. மாதம் 10,000, நாளுக்கு 400. 2021இல் அது 12,500 ஆனது. அப்புறம் 2022 வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்துக்குப் போனதை நாங்கள் அனுபவித்தோம்; மண்ணெண்ணெய் வரிசை, காஸ் வரிசை, பால்மா இல்லாத கடை. அத்தனைக்கும் ஆகக் குறைந்த சம்பளம் 12,500இல்தான் நின்றது. 2024இல்தான் 17,500 ஆக்கினார்கள். 2025 ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000. நாட்கூலிக்கு 1,200. பழைய நிவாரணப் படிகள் 3,500 ரூபாவும் இந்த 27,000க்குள் போய்விட்டன. ஆகவே பார்க்கும்போது பெரிய பாய்ச்சல் போலத் தெரிந்தாலும், உண்மையில் 21,000இல் இருந்து 27,000க்குத்தான் ஏறியது.

உங்கள் முதலாளி, "மொத்தம் 36,000 தாறன்தானே, 30,000க்கு மேலதானே" என்று சொல்வார். லீவு எடுத்தால் காணாமல் போகிற படியை ஆகக் குறைந்த சம்பளத்தின் பகுதி என்று காட்ட முடியாது. அதோடு சேமலாப நிதி, நம்பிக்கை நிதி (ஈ.ரி.எப்), மேலதிக நேரம், பணிக்கொடை எல்லாவற்றையும் ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் குறையாத தொகையில்தான் கணக்கிட வேண்டும். சேமலாப நிதிச் சட்டம் இதைவிட ஒருபடி மேலே போகிறது. அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல, வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், உணவின் பெறுமதி, துண்டு வேலைக் கூலி எல்லாம் அதில் உழைப்பாகக் கணக்கெடுக்கப்படும். வெளியே நிற்பது மேலதிக நேரக் கொடுப்பனவுதான். முதலாளிமார் ஒவ்வொரு படிக்கும் புதுப்புதுப் பெயர் கண்டுபிடிப்பது இந்தச் சட்டத்தைத் தாண்டத்தான்.

இனி உங்கள் கணக்கு. 20,000க்குக் கட்டினால் உங்கள் 8 வீதம் 1,600, முதலாளியின் 12 வீதம் 2,400, நம்பிக்கை நிதிக்கு அவர் கட்டும் 3 வீதம் 600. 30,000க்குக் கட்டினால் 2,400, 3,600, 900. உங்கள் கையில் இருந்து மாதம் 800 ரூபா கூடப் போகும், அதை மறைக்கவில்லை. ஆனால் முதலாளி பக்கத்தில் இருந்து உங்கள் பெயருக்கு 1,500 ரூபா கூட வரும். மேலதிக நேரத்துக்கு வருவோம். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து, வருவதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 20,000க்கு அது 125 ரூபா, உங்கள் சிட்டையில் உள்ள அதே தொகை. 30,000க்கு 187 ரூபா 50 சதம். மாதம் முப்பது மணித்தியாலம் நிற்கிறேன் என்கிறீர்கள். அதில் மட்டும் 1,875 ரூபா கூட வரும். இரண்டையும் கூட்டினால் மாதம் 3,375, வருடத்துக்கு 40,500.

இதற்கு மேல் பணிக்கொடை இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலை விடும்போது கடைசிச் சம்பளத்தில் பாதியை ஒவ்வொரு வருடத்துக்கும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு 20,000 அடிப்படையில் 60,000, 30,000 அடிப்படையில் 90,000. நீங்கள் ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டீர்கள். வேறு கடைக்கு ஓடுவதை இப்போதைக்கு யோசிக்க வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் இதையெல்லாம் வாங்க மூன்று மடங்கு அலைய வேண்டிவரும்.

இப்போது நோய்ச் செலவைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்தே கணக்குப் போட்டேன். கணவருக்கு டெங்கு வந்து ஐந்து நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டிலுக்கும் மருந்துக்கும் ஒரு சதமும் கட்டவில்லை. ஆட்டோ, இளநீர், உங்களுடைய வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,000 போனது என்கிறீர்கள். ஆனால் அவருடைய நாட்கூலி 3,500. பத்து நாள் போகாததில் 35,000 இல்லாமல் போனது. நீங்கள் பக்கத்தில் இருக்க இரண்டு நாள் லீவு எடுத்ததால் உங்கள் வருகைப் படி 8,000 போனது. அம்மாவின் கிளினிக்கும் இப்படித்தான். களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் விடிய ஐந்து மணிக்கு நம்பர் எடுத்து, பின்நேரம் வரை நின்று, அன்றைக்குக் கடைக்குப் போகாததால் உங்களுக்கு 4,000 வெட்டு. சில மாதம் ஏதாவது ஒரு மருந்து இல்லையென்று வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள், அது இன்னொரு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. உங்கள் வீட்டில் நோய்க்காகப் போன காசில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்கோ பார்மசிக்கோ போகவில்லை, இழந்த சம்பளமாகத்தான் போயிருக்கிறது.

காப்புறுதி அட்டை இதில் எதை ஈடு செய்யும்? இழந்த கூலியை மருத்துவக் காப்புறுதி பொதுவாகத் தராது. பெரும்பாலும் பில்லுக்குத்தான் அவர்கள் காசு தருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பில் இல்லை.

அதற்காக அட்டை வீண் என்று சொல்லவில்லை. சத்திரசிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் திகதி தள்ளிப் போகும்போது, ஸ்கான் ஒன்றை உடனே எடுக்க வேண்டியிருக்கும்போது, தனியார் பக்கம் போகிறவருக்கு அது கைகொடுக்கும். சும்மா வருவதை விடுவானேன்? ஆனால் வாங்கும்போது கேட்டுத் தெளிய வேண்டியவை இருக்கின்றன. தங்கிச் சிகிச்சை பெற மட்டுமா, வெளிநோயாளர் செலவுக்கும் சேர்த்தா? நிறுவனங்கள் கூட்டமாக எடுக்கும் காப்புறுதியில் பெரும்பாலும் ஊழியர், துணை, பிள்ளைகள்தான் வருவார்கள். தாய் தகப்பன் வரமாட்டார்கள். அப்படியென்றால் உங்கள் வீட்டில் மாதாமாதம் நோயாளியாக இருக்கும் ஒரே ஆளுக்கு அட்டை பயன்படாது. பிரசவத்துக்கு உண்டா, உண்டென்றால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? ஏற்கெனவே உள்ள வருத்தங்களை ஒதுக்கியிருக்கிறார்களா? வேலையை விட்ட நாளிலேயே அட்டையும் செத்துப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள். சம்பள உயர்வு அப்படிச் சாகாது. அடுத்த வருட உயர்வும் அதன் மேல்தான் ஏறும்.

காப்புறுதிக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்பதையும் கேளுங்கள். முதலாளி போட்டுத் தருகிறேன் என்றுவிட்டு மூன்று மாதம் கழித்துச் சிட்டையில் ஒரு புதுக் கழிவு முளைத்த கதைகள் எனக்குத் தெரியும். சட்டம் அனுமதித்த கழிவுகளுக்கு வெளியே உங்கள் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் எதையும் பிடிக்கக் கூடாது. அவர் நீட்டும் கடிதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பல காப்புறுதிகளில் அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கொடுப்பனவு உண்டு. பில் தேவையில்லை, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டின் பிரதி போதும். உங்கள் அட்டையில் அது இருக்கிறதா, துணைக்கும் சேர்த்தா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் அடுத்த டெங்குக்காவது ஆட்டோக் காசு வரும். (டெங்கு அடுத்த மாரிக்கும் வரும். நீர் தேங்கும் சட்டியைக் கவிழ்ப்பது எந்த அட்டையையும் விட மலிவு.) டயக்னோசிஸ் கார்டைத் தொலைக்காமல் ஒரு பைலில் போட்டு வையுங்கள். கோரிக்கை அனுப்ப நாள் கெடு இருக்கும்.

அதற்கும் முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, யாரும் சொல்லித்தரவில்லை. ஊழியர் நம்பிக்கை நிதியம், முதலாளி தன் கையில் இருந்து கட்டும் அந்த 3 வீதம், வேலையை விட்ட பிறகு எடுக்கிற சில்லறைக் காசு என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். அதன் உறுப்பினருக்கு இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணில் வில்லை பொருத்துவது, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவது எல்லாவற்றுக்கும் உதவித் திட்டங்கள் இருக்கின்றன. வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு ஆயுள் காப்புறுதி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைக்கும் ஒரு கொடுப்பனவு. இதற்கெல்லாம் முதல் நிபந்தனை, உங்கள் பெயரில் ஒழுங்காகக் காசு கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத முதலாளி உங்களிடம் இருந்து இந்தக் காப்புறுதியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்.

சேமலாப நிதியும் நோய்க்கு உதவும். பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 300,000க்குக் குறையாமல் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ மீதியில் 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம். உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. 20,000க்குக் கட்டுவதா 30,000க்குக் கட்டுவதா என்பது அன்றைக்கு அந்த 30 வீதம் எவ்வளவு என்பதையும் தீர்மானிக்கும். பெரிய நோய் வந்தால் ஜனாதிபதி நிதியமும் இருக்கிறது. முன்னர் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். உங்களுக்கு அது களுவாஞ்சிகுடியில் உள்ள மண்முனை தென் எருவில் பற்று பிரதேச செயலகம். பயன்படாமலே இருக்கட்டும், இடம் தெரிந்திருந்தால் போதும்.

கணவர் விஷயம் இதைவிடக் கஷ்டம். மேசனுக்குச் சிட்டையே இல்லை. கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தால், தற்காலிகமாக இருந்தாலும் நாட்கூலியாக இருந்தாலும் சேமலாப நிதிக்கு உரித்துண்டு என்பதுதான் சட்டம். கட்டுகிற கொந்தராத்துக்காரர் ஒருவரையும் நான் இந்தக் கரையில் கண்டதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன், நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் சாரத்தில் இருந்து விழுந்தால் கதை வேறு. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையில் ஏற்படும் காயத்துக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு தர வேண்டும். 2022இல் அதைத் திருத்தி, வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். உச்சத் தொகையையும் 2,000,000 ரூபா ஆக்கினார்கள். இது உங்களுக்கும் பொருந்தும். தினமும் கல்லாற்றில் இருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறீர்களே. கணவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எந்தத் திகதியில் யாருடைய எந்த இடத்தில் வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வரட்டும். முடிந்தால் கூலியை வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லட்டும். விழுந்த பிறகு, "இவர் எங்கட ஆள் இல்ல" என்று சொல்வதுதான் முதல் வேலையாக இருக்கும். அப்போது அந்தக் கொப்பி பேசும். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் அவரைப் போன்றவர்களுக்குத்தான். பிரதேச செயலகத்தில் அதற்கென்று ஓர் உத்தியோகத்தர் இருப்பார், வயது குறைவாக இருக்கும்போது சேர்ந்தால் தவணைக் காசும் குறைவு.

வீட்டுச் செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்குப் பெரிய வித்தை எதுவும் தெரியாது. சிக்கனமாக இருங்கள் என்று 36,000 சம்பளக்காரருக்குச் சொல்வதைவிடக் கேலி வேறு இல்லை. பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்லும்போது விலை குறைந்துவிட்டது என்று ஒரு பிழையான நிம்மதி வருகிறது. விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. 2022இல் ஏறிய விலை ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது.

ஆனால் அரிசியைப் பற்றி ஒரு சொல். சுற்றிவர வயலை வைத்துக்கொண்டு, கடையில் கிலோக் கணக்கில் அரிசி வாங்குகிறோம். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 230 ரூபா. இரண்டு மாதம் கழித்து, 2025 பெப்ரவரியில், நாட்டு நெல்லுக்கு வைத்த கொள்வனவு விலை 120. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் போகும், அதாவது 180 ரூபா. அவித்துக் காயவைத்துக் குத்தும் கூலி சேர்த்தாலும் 230க்கு வராது, தவிடும் உமியும் உங்களுக்கே. அம்மாவுக்கு இந்த வேலை தெரியாமல் இருக்காது. பெரும்போக அறுவடை முடிகிற நேரத்தில் வட்டைக்குள் தெரிந்த ஒருவரிடம் ஐந்தாறு மூடை எடுத்துப் போட்டால் பல மாதத்துக்கு அரிசிக் கடைப் பக்கம் போகத் தேவையில்லை. இதற்கு மொத்தமாகக் காசு வேண்டும், அதுதான் சிக்கல். சீட்டுக் காசு மாசி, பங்குனியில் கைக்கு வரும்படி கேட்டு எடுப்பது எங்கள் வீட்டில் அம்மா செய்த வேலை. நுண்கடன் எடுத்து நெல் வாங்காதீர்கள், அந்த வட்டிக்கு அரிசியைக் கடையிலேயே வாங்கலாம்.

இனி முதலாளியிடம் எப்படிக் கேட்பது? தனியாகப் போகாதீர்கள். உங்களுக்கு இருக்கும் சிட்டைதான் மற்ற இருபது பேருக்கும் இருக்கும். நாலு பேராவது சேர்ந்து, சத்தம் போடாமல், கடை பூட்டிய பிறகு போங்கள். "சம்பளம் கூட்டுங்க" என்று தொடங்கினால் பழையபடி "மறுகா பார்ப்பம்" தான் வரும். "அடிப்படைய 30,000 ஆக்கித் தாங்க, படிகளில இருந்தே எடுத்து ஆக்குங்க" என்று கேளுங்கள். மொத்தம் 36,000இல் நின்றாலும் பரவாயில்லை. அவருக்கு அது கேட்க எளிதான கோரிக்கை, மாதச் சம்பளத்தின் மொத்தம் உடனே கூடாது. உங்களுக்கோ மேலே நான் சொன்ன அத்தனையும் அதில் இருந்துதான் பிறக்கும், வருகைப் படி வெட்டும் 8,000இல் இருந்து சுருங்கும். கணக்குத் தெரிந்த முதலாளி உடனே சிரிப்பார், அவருக்கும் வருடத்துக்கு 40,500 தெரியும். ஆனால் தொழில் திணைக்களம் வந்து பழைய நிலுவையையும் சேர்த்துக் கட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சேமலாப நிதியைப் பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் போனால் 50 வீதம் வரை ஏறும். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். கணக்கு எழுதுபவரிடம் காதில் போட்டால் போதும், அவர் போய்ச் சொல்லுவார். நானும் அப்படிப் போய்ச் சொன்னவன்தான்.

அதற்கு முன்னால் உங்கள் சேமலாப நிதிக் கணக்கில் உண்மையில் காசு போகிறதா என்று பாருங்கள். சிட்டையில் கழிப்பதும் கணக்கில் கட்டுவதும் இரண்டு வேறு வேலை. மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்று முதலாளி ஊடாக வருவது வழக்கம். வரவில்லையென்றால் கேளுங்கள். தரவில்லையென்றால் அடையாள அட்டையையும் அங்கத்துவ இலக்கத்தையும் கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். வீடு மட்டக்களப்பு மாவட்டத்தில் என்றாலும் வேலை அம்பாறை மாவட்டத்தில், அதனால் கல்முனைப் பக்கத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். மட்டக்களப்புக்குப் பஸ் ஏறிவிட்டுத் திரும்பி வர வேண்டாம். அங்கே போவது முறைப்பாடு செய்யத்தான் என்று நினைக்காதீர்கள், கணக்கைப் பார்க்க மட்டும் போகலாம். முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் நாலு பேரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள், ஆறு வருடச் சிட்டைகளில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து. தூக்கி எறிந்திருந்தால் இன்றில் இருந்தாவது சேருங்கள்.

இதையெல்லாம் கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால்? பயம் நியாயமானதுதான், நடக்காது என்று நான் சொல்லவில்லை. நிறுத்திய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வாயால் "நாளைக்கு வராதே" என்றால், எழுத்தில் தரும்படி கேளுங்கள், தராவிட்டால் அன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். "மறுகா கூப்பிடுறன்" என்பதை நம்பி ஏழாவது மாதம் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். கையெழுத்துக் கேட்டு நெருக்கினால், "காப்புறுதித் திட்டத்தில் சேரச் சம்மதம்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். சம்பள உயர்வைப் பற்றிய வசனத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள். வெட்டமாட்டேன் என்றால், வாசிக்க வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

வருகைப் படி விஷயத்தில் ஒன்றை இப்போதே தொடங்கலாம். கடை ஊழியருக்கு வருடம் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய (கசுவல்) லீவும் சம்பளத்துடன் உண்டு. அம்மாவின் அடுத்த கிளினிக் திகதி கொப்பியில் எழுதியிருக்கும். அதற்கு ஒரு கிழமை முன்னதாக லீவுக் கடிதத்தை எழுதிக் கொடுத்து, பிரதியில் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். அந்த மாதச் சிட்டையில் 4,000 வெட்டியிருந்தால் அதையும் கடிதப் பிரதியோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.